80 டெஸ்ட், 14 பக்க ரிப்போர்ட்: முழு உடல் பரிசோதனை உயிரைக் காப்பாற்றுகிறதா? தரவுகள் சொல்வது என்ன?

பெங்களூருவில் இருக்கும் என் சித்திக்கு வயது 54. 2024 மார்ச்சில் ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் ஒன்றை போனிலேயே புக் செய்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. தள்ளுபடி விளம்பரம் வந்தது, அதோடு வருமான வரிக் கணக்கில் காட்டலாம் என்று சித்தப்பாவும் சொன்னார். (பழைய வரி முறையில் 80டி பிரிவின் கீழ், நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மார்ச் மாதத்தில் இந்த விளம்பரங்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும்.)

காலை ஆறரை மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மாலையில் 14 பக்க பி.டி.எஃப். வந்தது. அதில் மூன்று இடங்களில் நட்சத்திரக் குறி. வைட்டமின் டி குறைவு. டி.எஸ்.எச். கொஞ்சம் அதிகம். மூன்றாவதுதான் பிரச்னை: ‘சி.ஏ.-125: 46’. இயல்பு அளவு 35 வரை.

“கூகுள்ல போட்டா கேன்சர்னு வருது. நீதான் டேட்டா எல்லாம் பாக்குறியே, என்னன்னு பாரு” என்று வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜ்.

அடுத்த ஏழு வாரங்களில் இரண்டு அல்ட்ராசவுண்ட், ஒரு எம்.ஆர்.ஐ., இரண்டு மகப்பேறு மருத்துவர்கள். கடைசியில் தெரிந்தது, கருப்பையில் ஒரு சாதாரண நார்க்கட்டி. பல வருடங்களாக இருந்திருக்கும், எந்தத் தொந்தரவும் தராதது. சி.ஏ.-125 அளவை அதுவே கொஞ்சம் உயர்த்தக்கூடும். செலவு பேக்கேஜ் விலையைப் போல பத்து மடங்குக்கு மேல். அந்த ஏழு வாரமும் சித்தி சரியாகத் தூங்கவில்லை.

ஆய்வகம் தவறு செய்யவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் எங்கே பிசகியது?

டயக்னோசிஸ் வேறு, ஸ்கிரீனிங் வேறு

வயிற்றுவலி என்று ஒருவர் மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் கேள்வி கேட்கிறார், தொட்டுப் பார்க்கிறார், ஒரு சந்தேகம் வருகிறது, அதை உறுதி செய்ய டெஸ்ட் எழுதுகிறார். இது நோயறிதல்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது ஸ்கிரீனிங். இங்கே மருத்துவத்தைத் தேடி அவர் வரவில்லை, மருத்துவம்தான் அவரைத் தேடிப் போகிறது. அதனால் நிரூபணத்தின் பாரமும் மருத்துவத்தின் மேல்தான். எந்த நோய்க்கு ஸ்கிரீனிங் செய்யலாம் என்பதற்கு 1968-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் பத்து அளவுகோல்கள் எழுதினார்கள். சுருக்கமாகச் சொன்னால்: நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், முற்றுவதற்கு முன் பிடிக்கக்கூடிய ஒரு கட்டம் அதற்கு இருக்க வேண்டும், பிடித்தால் கொடுக்க ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும். இன்று பேக்கேஜ்களில் வரும் பல டெஸ்ட்டுகள் இந்த வடிகட்டியைத் தாண்டாது.

சித்திக்கு நடந்தது, நோயறிதலுக்கான ஒரு டெஸ்ட்டை ஸ்கிரீனிங்குக்குப் பயன்படுத்தியது.

ஒரே டெஸ்ட், இரண்டு அர்த்தம்: கணக்கைப் பார்ப்போம்

எண்களைப் பார்த்ததும் ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். இது பெருக்கலும் வகுத்தலும்தான்.

சினைப்பைப் புற்றுநோய் அரிதானது. கணக்குக்காக, எந்த அறிகுறியும் இல்லாத ஒரு லட்சம் பெண்களில் 40 பேருக்கு அது இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் டெஸ்ட் நோய் உள்ளவர்களில் 80% பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 98% பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும். கேட்க அருமையான டெஸ்ட்.

நோய் உள்ள 40 பேரில் 32 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோய் இல்லாத 99,960 பேரில் 2% பேருக்கு, அதாவது சுமார் 1,999 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 2,031 பாசிட்டிவ். அதில் உண்மையான நோயாளிகள் 32 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

இப்போது அதே டெஸ்ட்டை வேறு கூட்டத்தில் செய்யலாம். பல வாரங்களாக வயிறு உப்புசம், சாப்பிட ஆரம்பித்ததும் வயிறு நிறைந்த உணர்வு, ஸ்கேனில் ஒரு கட்டி. இப்படிப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நோய் என்று வைத்தால், ஆயிரம் பேரில் 100 நோயாளிகள். டெஸ்ட் 80 பேரைப் பிடிக்கும், மீதி 900 பேரில் 18 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும். 98 பாசிட்டிவில் 80 உண்மை. அதாவது 82%.

டெஸ்ட் மாறவில்லை, விலை மாறவில்லை, காகிதத்தில் வரும் எண்ணும் அதேதான். மாறியது, டெஸ்ட்டுக்கு முன்பே அந்த நபருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது மட்டும். அந்த வாய்ப்பை மதிப்பிடும் வேலையை ரத்தம் எடுக்க வருபவர் செய்ய முடியாது. கேள்வி கேட்கும் மருத்துவர்தான் செய்ய முடியும்.

மருத்துவர்களுக்கும் இது எளிதில் வசப்படுவதில்லை. 1978-ல் ஹார்வர்டு மருத்துவமனைகளில் 60 மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் இதுபோன்ற ஒரு கணக்கைக் கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய், தவறான பாசிட்டிவ் 5%. பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? சரியான விடை சுமார் 2%. சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். அதிகம் பேர் சொன்ன விடை 95%.

வெறும் பதற்றம்தானே என்கிறீர்களா?

“பயந்தது பயந்தது, ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதே” என்று உறவினர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் அது அங்கேயே முடிவதில்லை.

அமெரிக்காவில் 78,216 பெண்களிடம் நடந்த பி.எல்.சி.ஓ. ஆய்வு, சி.ஏ.-125 ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் சேர்த்து ஆண்டுதோறும் செய்தால் சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறைகிறதா என்று பார்த்தது. 2011-ல் முடிவு வந்தது. குறையவில்லை. ஆனால் 3,285 பெண்களுக்குத் தவறான பாசிட்டிவ் வந்தது. அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதிலும் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஒன்றாவது ஏற்பட்டது. புற்றுநோய் இல்லாத பெண்கள் இவர்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வும் 2021-ல் இதையே உறுதி செய்தது: மரணம் குறையவில்லை.

இதோடு இன்னொரு சங்கதி. பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகளில் ‘இயல்பு அளவு’ என்பது ஆரோக்கியமானவர்களில் 95% பேர் இருக்கும் எல்லை. அப்படியென்றால் ஆரோக்கியமான 20 பேரில் ஒருவருக்கு நட்சத்திரக் குறி விழுவது அந்த வரையறையிலேயே இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் ஒரு நட்சத்திரமாவது விழ 64% வாய்ப்பு. 80 டெஸ்ட்டில் ஒன்றுகூட விழாவிட்டால்தான் ஆச்சரியம்.

தென் கொரியாவின் தைராய்டு கதை

புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் எப்படிக் கெடுதலாகும் என்று கேட்பவர்களுக்கு, மருத்துவத் தரவுகளில் எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் தென் கொரியா.

1999-ல் அங்கே தேசிய ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் கட்டணத்துக்கு கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக் கொடுத்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஒரு ஆண்டில் மட்டும் 40,000-க்கும் மேல். அத்தனையும் உயிர்க்கொல்லி நோயைச் சரியான நேரத்தில் பிடித்ததாக இருந்தால் மரணம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. ஆண்டுக்கு 300 முதல் 400 மரணம் என்று அப்படியே இருந்தது.

வாழ்நாள் முழுவதும் தொந்தரவே தராமல் இருந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகளை ‘புற்றுநோய்’ என்று பெயரிட்டு வெட்டி எடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல் நரம்பு பாதிப்பு. 2014-ல் மருத்துவர்கள் சிலர் கூடிப் பகிரங்கமாக எச்சரித்த பிறகு, ஒரே ஆண்டில் தைராய்டு அறுவை சிகிச்சைகள் 35% குறைந்தன.

சரி, மொத்தமாகப் பார்த்தால் பலன் உண்டா?

‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ போன்ற பொதுவான பரிசோதனைகள் ஆயுளைக் கூட்டுகின்றனவா என்பதை காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. 2019-ல் புதுப்பிக்கப்பட்ட அந்த ஆய்வறிக்கையில் 15 ஆய்வுகளின் தரவு, 2,51,891 பேர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களையும் அழைக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டால், மொத்த மரண விகிதம் 1.00. அதாவது வித்தியாசம் இல்லை. புற்றுநோய் மரணத்திலும் இதய நோய் மரணத்திலும் அதே கதைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே குடும்ப மருத்துவரிடம் வேறு காரணத்துக்குப் போனாலும் ரத்த அழுத்தம் பார்த்துவிடுவார்கள். இந்தியாவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் நோய் நிறைய. அதனால் ‘எந்த டெஸ்ட்டும் வேண்டாம்’ என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம்.

அப்போ எதுதான் வேலை செய்யுது?

இந்தக் கட்டுரைக்காகத் தரவு தேடியபோது என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இது. ஸ்கிரீனிங் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கான வலுவான ஆதாரங்கள் சில இந்தியாவிலிருந்தே வந்திருக்கின்றன. அதுவும் மலிவான முறைகளில்.

திண்டுக்கல் மாவட்டம். 30 முதல் 59 வயதுப் பெண்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்ட நம் வினிகரை, தடவி ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். மாறுபட்ட செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுக்கும். வி.ஐ.ஏ. என்பது இதுதான். தேவைப்பட்டவர்களுக்கு அன்றே உறைநிலை சிகிச்சை. சுமார் 49,000 பெண்கள் உள்ள பகுதிகளில் ஒரே ஒரு முறை இப்படிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ததில், கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35% குறைந்தது. 2007-ல் லான்செட் இதழில் வெளியானது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மையம் நடத்திய ஆய்வில், பள்ளிப் படிப்பு முடித்த சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் அதே வினிகர் பரிசோதனையைச் செய்தார்கள். மரணம் 31% குறைவு. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் (இன்றைய தாராசிவ்) 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரே ஒரு எச்.பி.வி. டெஸ்ட் மரணத்தைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்தது. அதே ஆய்வில் வினிகர் முறை குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பரிசோதிப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் அது சார்ந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது அவ்வளவாக நம்பகமானதும் இல்லை. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டெஸ்ட்டையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது.

திருவனந்தபுரத்தில் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34% குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களுக்குப் பலன் இல்லை. இங்கேயும் யாரைப் பரிசோதிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

(இந்த ஆய்வுகள் சிலவற்றில் ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்கு ஸ்கிரீனிங் தரப்படாதது சரியா என்ற நெறிமுறைக் கேள்வி பின்னர் கடுமையாக எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.)

இவ்வளவு ஆதாரம் கையில் இருக்கிறது. நிலவரம் என்ன? 2022-க்கான குளோபோகேன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஆண்டு சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள். தேசிய குடும்பநல ஆய்வு-5 (2019-21) சொல்கிறது: 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9% பேர். மார்பகப் பரிசோதனை 0.9%.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்ன செய்யலாம்?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு சர்க்கரை நோய், வயது வந்தவர்களில் 35.5% பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இவ்வளவு பரவலான நோயில் முன்பு போட்ட கணக்கு தலைகீழாகிறது. பாசிட்டிவ் வந்தால் உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சர்க்கரைக்கு ஊசி போடாமலே முதல் வடிகட்டி ஒன்று உண்டு. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-ல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய் அபாய மதிப்பெண். நான்கே கேள்விகள்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு சர்க்கரை உண்டா. 50 வயதைத் தாண்டியிருந்தால் 30. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்தே வேலை என்றால் 30. ஆணுக்கு இடுப்பு 100 செ.மீ., பெண்ணுக்கு 90 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 20. அம்மா, அப்பா இருவருக்கும் சர்க்கரை என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் ரத்தப் பரிசோதனை அவசியம். நான் போட்டுப் பார்த்தேன், 60 வந்தது. தேவைதான்.

பேக்கேஜ்களில் பிரபலமான எச்பிஏ1சி டெஸ்ட்டில் ஒரு சிக்கல். ரத்தசோகை இருந்தால் அது தவறான எண்ணைக் காட்டலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. தாகம், எடை குறைவு போன்ற அறிகுறி இல்லாதவருக்கு எண் எல்லையைத் தாண்டினாலும், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்த பிறகே ‘சர்க்கரை நோயாளி’ என்ற முத்திரை குத்த வேண்டும். ரத்த அழுத்தமும் அப்படித்தான். மாடிப்படி ஏறி வந்தவுடன் எடுத்த ஒரே அளவை வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை, முடிந்தால் வேறொரு நாளிலும் பார்க்க வேண்டும்.

30 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய ஐந்துக்குமான பரிசோதனை, மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக இலவசம். முதல் இரண்டும் ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற மூன்றும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. இதற்குத் தள்ளுபடி விளம்பரம் யாரும் அனுப்புவதில்லை.

காய்ச்சலுக்கு ‘விடால்’

நோயறிதலிலும் இதே தவறு நடக்கிறது. இரண்டு நாள் காய்ச்சல், உடனே ‘விடால் பாசிட்டிவ்’, டைபாய்டு என்று ஊசி. 1896-ல் வந்த இந்த டெஸ்ட் கிருமியைப் பார்ப்பதில்லை, உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. அது உருவாக ஒரு வாரம்போல ஆகும். எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறு காய்ச்சல்கள் எல்லாமே பாசிட்டிவ் காட்ட வைக்கலாம். உறுதியான வழி, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சர். டெங்குவிலும் நாள் கணக்கு முக்கியம். முதல் ஐந்து நாட்களுக்கு என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். ‘எல்லாத்தையும் எடுத்துடுங்க’ என்று நோயாளியே கேட்பதும் நடக்கிறது, அதையும் மறைப்பதற்கில்லை.

டி.எஸ்.எச். நட்சத்திரம் என்ன ஆனது?

சித்தியின் டி.எஸ்.எச். 6.1. தைராய்டு ஹார்மோன் இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் நிலை இது. ஆயிரக்கணக்கானோர் இதற்காகவே ஆயுள் முழுக்க மாத்திரை போடுகிறார்கள். 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ‘டிரஸ்ட்’ ஆய்வில், மாத்திரை போட்டவர்களுக்கும் வெறும் சர்க்கரை மாத்திரை போட்டவர்களுக்கும் சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ வித்தியாசம் இல்லை. 2019-ல் பி.எம்.ஜே. இதழின் நிபுணர் குழு, இந்த நிலைக்கு ஹார்மோன் மாத்திரை வேண்டாம் என்று உறுதியாகவே பரிந்துரைத்தது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள், டி.எஸ்.எச். 20-க்கு மேல் உள்ளவர்கள், கடுமையான அறிகுறி உள்ளவர்கள், இளவயதினர் இதில் சேர மாட்டார்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

வைட்டமின் டி விஷயத்திலும், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2024-ல் சொல்லிவிட்டது.

இரண்டு நிமிட மருத்துவம்

இதெல்லாம் தெரிந்த மருத்துவர்கள் ஏன் டெஸ்ட் எழுதுகிறார்கள்? 2017-ல் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஒரு ஆய்வில், இந்தியாவில் ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் சுமார் 2 நிமிடம். ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இரண்டு நிமிடத்தில் கேள்வி கேட்க முடியாது, சீட்டு எழுத முடியும். குடும்ப மருத்துவத்தில் எம்.டி. படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொல்கிறது. இன்றும் அந்தப் படிப்புள்ள கல்லூரிகள் சொற்பம்.

எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்த பிறகு, சித்தி தன் தெருவில் இருக்கும் ஒரு குடும்ப மருத்துவரிடம் அந்தக் கோப்பைக் கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் 14 பக்கத்தையும் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். “பி.பி. எப்போம்மா கடைசியா பாத்தீங்க?” என்று கேட்டார். சித்திக்கு நினைவில்லை. 80 டெஸ்ட் பேக்கேஜில் அது இல்லை, வீட்டுக்கு வந்தவர் ரத்தம் மட்டும்தானே எடுத்தார்.

உட்கார வைத்துப் பார்த்தார். 154/96. மறுபடியும் பார்த்தார். பத்து நாள் கழித்து வரச் சொல்லி அன்றும் பார்த்தார், 150-க்குக் கீழே இறங்கவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லி, தினம் ஒரு அம்லோடிபின் மாத்திரை எழுதினார். கருப்பைவாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்ததுண்டா என்றும் கேட்டார். இல்லை. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிவிட்டதால் வினிகர் முறை வேண்டாம், எச்.பி.வி. டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். டி.எஸ்.எச்.-ஐ மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது 4.2. நட்சத்திரம் இல்லை.